ழகரம் வராத வாயிலிருந்து ஒரு மன்றாட்டு

2004-ஆம் ஆண்டு தவக்காலத்தில் எனக்கு எல்லாக் கதவும் அடைபட்டுப் போயிருந்தது. அழகுக்காக இப்படிச் சொல்லவில்லை. கடைசியில் நிஜமாகவே ஒரு கதவும் அடைபட்டது. அதற்குள்ளிருந்து நான் கூப்பிட்டேன். அந்தக் கூப்பாட்டுக்கு வந்த பதிலை எங்கள் பங்கு மக்களுக்கும், என்னைப் போல எங்கேயாவது அடைபட்டுக் கிடக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல் பக்கம் அகரத்துக்காரன். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. வெங்காயம் போடுவார், சோளம் போடுவார், கிணற்றில் தண்ணீர் இருந்தால் நெல்லும் போடுவார். அப்பாவும் சரி, அம்மாவும் சரி, பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அதற்கு நான் பெரிய அறிவாளி என்பது காரணமில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. சோளத்தட்டை அறுக்கிற நாளில் வயல் பக்கம் போனால் போதும், நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கிவிடும். "இவன் காட்டு வேலைக்கு ஆகமாட்டான், படிக்கட்டும்" என்று அப்பா விட்டுவிட்டார். அப்படித்தான் என் படிப்பு ஆரம்பித்தது.

பத்தாவது படிக்கும்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் முதன்முதலில் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். கோவில் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். அந்த நினைப்பு என்னை விடவே இல்லை. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். பிறகு ஊருக்கு வெளியே பைபாஸ் பக்கம் இருந்த ஒரு கல்லூரியில் எம்.சி.ஏ. சேர்ந்தேன். தமிழ் வழியில் படித்து வந்தவன் என்பதால் வகுப்பில் பாதி புரியாது. புரிந்ததையும் இங்கிலீஷில் திருப்பிச் சொல்ல வராது. வாயை மூடிக்கொண்டே இரண்டரை வருஷம் ஓட்டினேன்.

கடைசி அரை வருஷம் முழுக்க ப்ராஜெக்ட்தான். என் கைடு சார் எனக்குக் கொடுத்த தலைப்பு, தமிழ் ஒலிகளைக் கேட்டு எழுத்தாக எழுதுகிற ஒரு புரோகிராம். நியூரல் நெட்வொர்க் என்ற முறையில் செய்ய வேண்டும். இன்று இதையெல்லாம் சேர்த்து மெஷின் லேர்னிங் என்கிறார்கள். விஷயம் எளிதுதான். குழந்தைக்கு எழுத்து சொல்லித் தருகிற மாதிரி, ஓர் ஒலியைக் கேட்க வைத்து "இது க" என்று சொல்ல வேண்டும். அது தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டும். திரும்பத் திரும்பத் திருத்தினால், தானாகவே கற்றுக்கொள்ளும்.

நான் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினேன். வகுப்புத் தோழர்கள், பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள், பூசைக்கு வருபவர்கள், எல்லோரிடமும் வார்த்தை அட்டைகளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் நான் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார்.

"கிளி சொல்லும்மா."

"கிளி."

"கிழி."

அம்மா என்னைப் பார்த்தார். "இப்பத்தான சொன்னேன்?"

"அது வேறம்மா. இது சட்டை கிழியுதுன்னு சொல்றோம்ல, அது."

"என்னமோ போ. ஒரே வார்த்தைய ரெண்டு வாட்டி சொல்லச் சொல்ற. இந்தா, கிளி. போதுமா? சோறு கொதிக்குது."

நான் சிரித்துவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டேன்.

மெஷின் படித்தது. க, ச, த, ப எல்லாம் வந்துவிட்டது. என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஆனால் ஒரே ஓர் எழுத்து வரவில்லை. ழ. கிழி என்று சொன்ன ஒலியைக் கொடுத்தால் ஒரு நேரம் ழ என்று எழுதும், ஒரு நேரம் ள என்று எழுதும். பூவா தலையா போட்டுப் பார்க்கிற மாதிரி. எத்தனை தடவை படிக்க வைத்தாலும் அதே கதைதான். பகல் முழுக்க மெஷினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன், நடுவில் கரண்ட் போகும், படித்ததெல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. முடிவில் பார்த்தால் அதே பூவா தலையா.

கைடு சார் என் முடிவு அட்டவணையைப் பார்த்தார். அவர் திருச்சிப் பக்கத்துக்காரர், கறாரானவர்.

"மத்த லெட்டர் எல்லாம் ஓகே. இது ஒன்னு மட்டும் ஏன்யா இப்படி உளறுது? உன் கோடுல தப்பு இருக்கு. கண்டுபிடி."

"பாத்துட்டேன் சார். தெரியல."

"தெரியலன்னா? தமிழ்ப் ப்ராஜெக்ட்னு பேர் வச்சுட்டு ழ வராதுன்னு போய் நிப்பியா? இதே டேபிளைக் கொண்டு வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் கையெழுத்துப் போடாவிட்டால் பட்டம் இல்லை. அது மட்டுமல்ல. பெங்களூரில் பேச்சைப் புரிந்துகொள்கிற மென்பொருள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்திலிருந்து ஒரு மேடம் எங்கள் கடைசித் தேர்வுக்கு வருவதாக இருந்தார். ப்ராஜெக்ட் நன்றாக இருந்தால் ஆளையும் எடுத்துக்கொள்வார்கள் என்று சார் சொல்லியிருந்தார். இந்த வேலைக்கு ஊரில் வேறு இடமே கிடையாது. அந்த ஒரு கதவுதான்.

வீட்டில் இன்னொரு கதவு தயாராக இருந்தது. வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் என் சித்தப்பா மேஸ்திரி. உயிர்ப்பு ஞாயிறு முடிந்த பிறகு என்னை அங்கே சேர்த்துவிடுவதாக அப்பாவிடம் பேசிவிட்டார். ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே அப்பா இதைச் சொன்னார்.

"மில்லு பூரா பஞ்சுத் தூசிப்பா. எனக்கு மூச்சு..."

"தெரியும்டா." அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒனக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? காட்டு வேலையும் ஆகாது. படிப்பும் முடிய மாட்டேங்குது. நான் என்ன செய்யட்டும்? நீயே சொல்லு."

முன்னால் போகவும் முடியாது, பின்னால் போகவும் முடியாது. அப்பாவின் நிலத்தில் எனக்கு மூச்சு விட முடியாது. மில்லிலும் முடியாது. மூச்சு விட முடிகிற ஒரே இடம் அந்த மெஷின் முன்னால்தான். அங்கே ஓர் எழுத்து என்னை உள்ளே விடமாட்டேன் என்றது.

அந்தத் தவக்காலம் முழுக்க ஒரே மன்றாட்டுத்தான். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் ஒவ்வொரு நிலையிலும் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, ஒரு வழி காட்டும்" என்று கேட்டேன். பஸ்ஸில் கேட்டேன். சாப்பிடும்போது கேட்டேன். பதில் இல்லை. ஒரு கட்டத்தில், கேட்கிற ஆள் அந்தப் பக்கம் இருக்கிறாரா என்றே சந்தேகம் வந்துவிட்டது. இப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

குருத்து ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை அது நடந்தது.

எங்கள் கல்லூரியில் மாடிப்படிக்கு அடியில், பழைய விடைத்தாள் போட்டு வைக்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. ஒலிப்பதிவுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தேன். வெளிச்சத்தம் வராமல் இருக்க, ஹாஸ்டலில் கழித்துப் போட்ட தேங்காய்நார் மெத்தைகளைச் சுவரிலும் கதவின் உள்பக்கத்திலும் அடித்து வைத்திருந்தேன். ஜன்னலைத் தெர்மக்கோல் வைத்து அடைத்திருந்தேன். செருப்பு தரையில் உரசினால் அதுவும் டேப்பில் விழும், அதனால் வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். டேப் ரெக்கார்டரைக் கரண்டில் போட்டால் ஓர் இரைச்சல் கூடவே பதியும். ஆகவே பேட்டரிதான்.

அன்று மதியத்தோடு கல்லூரி முடிந்துவிட்டது. என் வகுப்புத் தோழன் முஜிபும் நானும் ஒன்றாகத்தான் பஸ் ஏறுவோம். அவன் திண்டுக்கல் டவுனில் தோல் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பையன். பஸ் வந்ததும் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு சீட் பிடிப்பதில் கெட்டிக்காரன்.

"மாப்ள, ஒன் பையையும் குடு. ரெண்டு சீட்டுக்கு ரெண்டு பை வேணும்ல? நீ செத்த நேரத்துல வந்து சேரு."

"அஞ்சு நிமிசம்டா. இந்த ழ-வ மட்டும் ஒரு தடவ பேசிட்டு வாரேன்."

"அந்த ழ-வக் கட்டிக்கிட்டே அழு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ரெக்கார்டரை அழுத்தினேன். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் கரண்ட் போய்விட்டது. பல்பு அணைந்தது. கும்மிருட்டு. வந்துவிடும் என்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. எழுந்து கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது. வாட்ச்மேன் அண்ணன் ஒவ்வோர் அறையாகப் பூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். கதவுக்குக் கீழே வெளிச்சம் இல்லை, உள்ளே சத்தமும் இல்லை. ஆள் இல்லை என்று பூட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மெத்தை அடித்த கதவு என்பதால் அவர் பூட்டிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நான் தட்டியதும் கத்தியதும் அவருக்குக் கேட்கவில்லை. சத்தம் உள்ளே வரக்கூடாது என்று நானே அடித்த மெத்தை, என் சத்தத்தையும் வெளியே விடவில்லை.

இனி திங்கட்கிழமைதான் கதவு திறக்கும். பங்குனி வெயில். காற்றுக்கு ஓர் ஓட்டை இல்லை. தட்டியதில் மெத்தையிலிருந்து நார்த்தூசி கிளம்பிவிட்டது. நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. மூச்சு இழுக்கிற பம்பு எங்கே என்று இருட்டில் தடவினேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அது பையில் இருக்கிறது. பை முஜிபோடு போய்விட்டது.

இளைப்பு வந்தவர்களுக்குத்தான் அது தெரியும். மூச்சு உள்ளே போகும், வெளியே வராது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயும் போகாது. ஜன்னல் தெர்மக்கோலைப் பிய்க்கலாம் என்று போனேன். அதற்கு முன்னால் விடைத்தாள் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒரு மூட்டையை நகர்த்தியதுமே கால் மடிந்து உட்கார்ந்துவிட்டேன். தரையில் வாயை வைத்து, கதவுக்குக் கீழே இருந்த இடுக்கில் மூச்சு வாங்கப் பார்த்தேன். அங்கேயும் மெத்தை.

அப்போது வேண்டினேன். நன்றாக வேண்டினேன் என்று சொல்லமாட்டேன். வாய்க்கு வந்த ஒரே ஒரு வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். மில்லு, பட்டம், பெங்களூர் எதுவும் மனதில் இல்லை. அப்பா முகம் மட்டும் வந்தது. பிறகு பேசவும் முடியவில்லை. எங்கேயோ 'டொக்' என்று ஒரு சத்தம். டேப் முடிந்து ரெக்கார்டர் நின்றிருக்கிறது. அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே எனக்கு நினைவில்லை.

எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. கதவு திறந்தது. வெளிச்சத்துக்கு முன்னால் காற்று வந்தது. இன்றைக்கும் அந்தக் காற்று என் முகத்தில் பட்டது ஞாபகம் இருக்கிறது.

"ஆத்தாடி! உள்ள ஆளா இருந்துச்சு?" என்று வாட்ச்மேன் அண்ணன் அலறினார்.

"நவுருங்கண்ணே, காத்த மறைக்காதீங்க!" முஜிப் என்னைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, வாயில் பம்பை வைத்து அமுக்கினான். "இழு மாப்ள. இழு. யா அல்லா, இழுடா!"

இழுத்தேன். மறுபடியும் இழுத்தேன். நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. நான் கண்ணைத் திறந்து பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. உடனே வாயும் வந்தது.

"ஊருக்கெல்லாம் பூட்டு செஞ்சு குடுக்குற ஊர்ல பொறந்துட்டு, நீ போயி பூட்டுக்குள்ள மாட்டிக்கிட்டியேடா. வெளிய சொல்லிறாத, திண்டுக்கல் மானமே போயிரும்."

அவன் எப்படித் திரும்பி வந்தான் என்று பிறகு கேட்டேன். பஸ் வந்திருக்கிறது. இரண்டு பையையும் போட்டு சீட் பிடித்திருக்கிறான். நான் வரவில்லை, கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அடுத்த பஸ்ஸில் வருவான் என்று இவனும் போய்விட்டான். டிக்கெட்டுக்குச் சில்லறை தேடி என் பையில் கைவிட்டவன், விரலில் பம்பு தட்டியதும் நடுவழியில் இறங்கிவிட்டான். வெயிலில் திரும்பி நடந்திருக்கிறான். வாட்ச்மேன் அண்ணன், "எல்லாரும் போயாச்சு தம்பி, நான்தான் பூட்டுனேன்" என்று சொல்லியிருக்கிறார். அவனும் திரும்பப் போயிருப்பான். ஆனால் மாடிப்படிக்கு அடியில் என் செருப்பு கிடந்தது.

"செருப்பு இங்க கெடக்குது, ஆளு எங்கடா போவான்னு நெனச்சேன்" என்றான்.

உயிர் தப்பிய மகிழ்ச்சியில் நன்றிப் பலி ஒப்புக்கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மறுநாள் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு பவனியில் நடந்தேன். மனது காய்ந்து கிடந்தது. ஆண்டவரே, அந்த அறையிலிருந்து எடுத்து எந்த அறையில் விட்டீர்? ழ அப்படியே இருக்கிறது. மில்லும் அப்படியே இருக்கிறது. இதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

திங்கட்கிழமை மதியம் வீட்டில் இருந்தேன். அம்மா வெஞ்சனத்துக்குக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை நடந்ததை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அந்த டேப்பை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம் என்று எடுத்தேன். முதலில் நான் பேசிய இரண்டு வார்த்தை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஓடவிட்டேன்.

இரண்டு வார்த்தை வந்தது. பிறகு நிசப்தம். பிறகு கதவைத் தட்டுகிற சத்தம். பிறகு மூச்சு. விசில் அடிக்கிற மூச்சு. அதற்கு நடுவில் ஒரு குரல்.

அம்மாவின் கத்தி நின்றது. "எப்பா, யாருப்பா அது அழுகுறது?"

நான் அணைக்கப் போனேன். கை போகவில்லை. அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஆண்டவரே, வளி காட்டும். வளி காட்டும் ஆண்டவரே. ஒரு வளி..."

யாரோ சொல்கிற மாதிரி இருந்தது. என் குரல்தான். ஆனால் நான் சொன்னது அதுவல்லவே? நான் வழி என்றல்லவா கேட்டேன்? டேப்பைப் பின்னால் சுற்றி மறுபடி கேட்டேன். வளி. மறுபடியும் கேட்டேன். வளி. சந்தேகமே இல்லை. வளிமண்டலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த வளி.

அதுவரை எத்தனையோ தடவை என் டேப்புகளைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கையில் வார்த்தை அட்டை இருக்கும். அட்டையில் வழி என்று எழுதியிருந்தால் என் காதும் வழி என்றுதான் கேட்கும். எழுத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டால் காது எழுத்தைத்தான் கேட்கிறது. அந்த அறையில் நான் அழுததற்கு எந்த அட்டையும் இல்லை. அதனால்தான் முதல் தடவையாக என் வாயிலிருந்து என்ன வருகிறது என்று எனக்குக் கேட்டது.

"அம்மா, கிழி சொல்லு."

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. "மொதல்ல அது யாரு அழுகுறதுன்னு சொல்லு."

"சொல்றேம்மா. கிழி சொல்லேன்."

"கிளி."

"பழம்?"

"பளம். என்னப்பா ஆச்சு ஒனக்கு?"

எங்கள் வாயில் ழ இல்லை. எனக்கில்லை, அம்மாவுக்கில்லை, என் டேப்பில் பேசிய யாருக்குமே இல்லை. அட்டையில் இரண்டு எழுத்து, வாயில் ஒரே ஒலி. ஒரே ஒலியைக் கொடுத்துவிட்டு, இது ழ, இது ள என்று மெஷினை நான்தான் மாற்றி மாற்றி மிரட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அது என்ன செய்யும்? பூவா தலையா போட்டிருக்கிறது. புரோகிராமில் தப்பே இல்லை. எங்கள் பேச்சை அது எங்களைவிட உண்மையாகக் கேட்டிருக்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "கிளி ரெண்டும் ஒன்னுதான்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு.

அடுத்த கேள்வி எனக்குத் தானாக வந்தது. எங்கள் ஊரில் எல்லோரும் கிளி என்றுதான் சொல்கிறோம். பிறகு எப்படி ஒருவருக்கொருவர் புரிகிறது? "சட்டை கிளிஞ்சிருச்சு" என்றால் யாரும் பறவையைத் தேடுவதில்லையே? பக்கத்தில் இருக்கிற வார்த்தையைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறோம். அப்படியானால் மெஷினுக்கும் அதைத்தான் சொல்லித்தர வேண்டும். காதில் விழும்போது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளட்டும். எழுதும்போது பக்கத்து வார்த்தையைப் பார்த்து எந்த எழுத்து என்று முடிவு செய்யட்டும்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய அந்தப் பெரிய வாரம் முழுக்க அதைத்தான் எழுதினேன். கைடு சாரிடம் சொன்னபோது முதலில் கோபப்பட்டார்.

"ழ-வையே எடுத்துட்டு ஒரு தமிழ்ப் ப்ராஜெக்டா?"

"எடுக்கல சார். காதுல இருந்து எடுத்துப் புத்தியில வச்சிருக்கேன்."

டேப்பைப் போட்டுக் காட்டினேன். சார் அதுவரை அட்டவணையை மட்டும்தான் பார்த்திருந்தார். காதில் ஹெட்போனை வைத்துக் கேட்டவர், டேப்பைப் பின்னால் சுற்றி மறுபடி கேட்டார். பிறகு, "சரி, செய்" என்றார்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்தது. நான் மில்லுக்கு எப்போது வருவேன் என்று சித்தப்பா ஆள் விட்டுக் கேட்டார். அப்பா, "பரீச்சை முடியட்டும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

தேர்வு நாள் வந்தது. பெங்களூர் மேடம் முன்னால் உட்கார்ந்திருந்தார். சார் என்னை இங்கிலீஷில் விளக்கச் சொன்னார். ஆரம்பித்தேன். மூன்றாவது வாக்கியத்தில் இங்கிலீஷ் நின்றுவிட்டது. பழைய பூட்டு அது. முஜிப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மேடம் சிரித்தார். "உங்க மெஷினுக்குத் தமிழ் மட்டும்தானே தெரியும்? நீங்களும் தமிழ்லயே சொல்லுங்க."

சொன்னேன். பிறகு அவர் மைக்கை வாங்கி, "தாளைக் கிழி" என்றார். அழகான ழ. திரையில் சரியாக வந்தது. "கிளி பறக்குது" என்றார். அதுவும் சரியாக வந்தது.

"இப்ப நீங்க பேசுங்க."

நான் பேசினேன். என் வாய்க்கு எப்படி வருமோ அப்படியே. "தாளைக் கிளி." திரையில் "தாளைக் கிழி" என்று விழுந்தது. வகுப்பே சிரித்தது.

மேடம் சிரிக்கவில்லை. கூர்ந்து பார்த்தார். "நீங்க கிளின்னு சொல்றீங்க. அது கிழின்னு எழுதுது. யார் சரி?"

"ரெண்டு பேருமே சரிதான் மேடம். எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். நாங்க என்ன சொல்ல வர்றோம்னு அதுக்குத் தெரியும்."

இதைச் சொல்லி முடித்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் பயத்தில் அழுகிறேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அப்படியில்லை. அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது, அந்தத் தவக்காலம் முழுக்க நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று.

சார் கையெழுத்துப் போட்டார். மேடம் அன்று ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மில்லுக்குப் போக அப்பா நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி ஆபீசுக்குப் போன் வந்தது. அடுத்த மாதமே பெங்களூருக்கு வரச் சொன்னார்கள். வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"என்ன வேலைடா அது?" என்றார் அப்பா.

"நம்ம பேசுறத மெஷினுக்குப் புரிய வைக்கணும்ப்பா."

"நம்ம பேச்சையா?" அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "மூச்சுக்கு ஒன்னும் செய்யாதுல்ல?"

"செய்யாதுப்பா."

"அப்பச் சரி. போ."

இன்றைக்கு அதே துறையில் என்ஜினியராக இருக்கிறேன். இங்கிலீஷ் வந்துவிட்டது. ழ இன்னும் சரியாக வரவில்லை. என்னிடம் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், "மெஷின் தப்பாச் சொல்லுது" என்று வந்து நின்றால், நான் புரோகிராமைத் திறப்பதில்லை. "அதுக்கு என்ன குடுத்தீங்கன்னு முதல்ல உக்காந்து கேளுங்க" என்பேன். என் செபமும் மாறிவிட்டது. முன்பு பேசிக்கொண்டே இருப்பேன். இப்போது பேசிவிட்டு, கொஞ்ச நேரம் கேட்கவும் செய்கிறேன். முஜிப் அவன் அத்தாவோடு தோல் கடையைப் பார்த்துக்கொள்கிறான். ஒவ்வொரு குருத்து ஞாயிறுக்கும் முந்திய நாள் அவனுக்குப் போன் செய்வேன். எடுத்ததுமே, "பம்பு பையில இருக்கா மாப்ள?" என்பான்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது இப்போது ஒரு பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கலாம். செபிக்கத் தெரியவில்லை, வார்த்தை சரியாக வரவில்லை, நம்பிக்கையும் பாதிதான் இருக்கிறது என்று தயங்க வேண்டாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வாய்க்கு வந்தபடி கூப்பிடுங்கள். நாம் சொல்வதைக் கேட்பவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். நாம் சொல்ல வருவதைக் கேட்பவர் அவர்.

அந்த டேப்பை நான் அழிக்கவில்லை. எப்போதாவது எடுத்துக் கேட்பேன். மூச்சு முட்டிக் கிடந்த ஒருவன் அதில் வளி வேண்டும் என்று அழுகிறான். வளி என்றால் காற்று. கதவு திறந்து முதலில் வந்தது அதுதான். என் வாய் கேட்டதைச் சனிக்கிழமையே கொடுத்துவிட்டார். என் மனது கேட்டதைத் திங்கட்கிழமை கொடுத்தார்.